படகில் பிளாஸ்டிக் நாற்காலி போடலாமா?

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைச் சுற்றிக்காட்ட 20 அடி ஃபைபர் படகு ஒன்றைத் தயார் செய்யும் வாசகர் கேட்கிறார்: "எட்டுப் பேர் உட்கார வேண்டும். எட்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டால் என்ன? லைஃப் ஜாக்கெட்தான் இருக்கிறதே!"

போடக்கூடாது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

படகின் கூடு 300 கிலோ, மோட்டார் 40, பெட்ரோலும் சாமான்களும் 40, எட்டுப் பேர் 520 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900 கிலோ. அதில் பாதிக்கு மேல் மனித எடை! ஆகவே மனிதர்கள் எந்த உயரத்தில் இருக்கிறார்களோ, அதுதான் படகின் ஈர்ப்பு மையத்தைத் தீர்மானிக்கிறது. அது மேலே போகப் போகப் படகு எளிதில் கவிழும். நாற்காலியின் உயரம் ஏறக்குறைய 43 செ.மீ. அதே ஆட்களை 28 செ.மீ. உயரப் பெட்டியில் உட்காரவைத்தால் மொத்தப் படகின் ஈர்ப்பு மையம் 9 செ.மீ. இறங்கும். எல்லோரும் செல்ஃபிக்கு எழுந்து நின்றால் 23 செ.மீ. ஏறும். படகு சாயாமல் நிற்கும் பலம் நீர்மட்டத்தில் அதன் அகலத்தின் முப்படியைப் பொறுத்தது. ஆனால் வாங்கிய படகை அகலப்படுத்த முடியாதே. உட்காரும் உயரத்தைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

உயரத்தைவிடப் பெரிய கோளாறு வழுக்கல். ஈர ஃபைபர் தளத்தில் பிளாஸ்டிக் கால் நிற்காது. படகு கொஞ்சம் சாய்ந்தால் நாற்காலி சரியும், ஆளும் கூடவே போவார், சாய்வு கூடும், அடுத்த நாற்காலியும் கிளம்பும்.

எனவே இருக்கை அசையாத பெட்டியாக இருக்கட்டும். குறுக்காக இரண்டு: ஒவ்வொன்றும் 1.3 மீட்டர் நீளம், 35 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம். ஒன்றில் மூன்று பேர். பின்பக்கம் மோட்டாருக்கு இருபுறமும் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் ஒவ்வொரு சின்னப் பெட்டி, அங்கே ஓட்டுநரும் இன்னொருவரும். எட்டுப் பேர் ஆயிற்று.

பெட்டிக்குள் என்ன வைப்பது? பலர் கயிறு, டிபன் பை என்று அடைக்கிறார்கள். அங்கே இருக்க வேண்டியது நுரை, அதாவது மிதக்கும் கெட்டி ஃபோம். இந்த விஷயத்தில்தான் இயற்பியல் அழகாக இருக்கிறது.

நம் பக்கத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் பழக்க சுரைக்குடுக்கையையோ வாழைமரத் துண்டையோ அக்குளில் கட்டுவார்கள். அதையே காலில் கட்டிப் பாருங்கள் (வேண்டாம், யோசித்தால் போதும்): கால் மேலே வரும், தலை கீழே போகும். மிதக்கும் சக்தி அதேதான், கட்டிய இடம்தான் வேறு. தண்ணீர் நிரம்பிய படகும் அப்படித்தான். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும்போது கூட்டின் வடிவத்துக்கு வேலையே இல்லை. நுரை எங்கே இருக்கிறதோ அதுதான் படகை நிமிர்த்துகிறது. நுரை முழுவதையும் தளத்துக்கு அடியில் போட்டால் அது மேலே வரத் துடிக்கும், கனமான மோட்டார் கீழே போகத் துடிக்கும். படகு குப்புறக் கவிழ்ந்து, கவிழ்ந்தபடியே நிம்மதியாக மிதக்கும். அதே நுரை இருக்கை உயரத்தில், இரு ஓரங்களிலும் இருந்தால்? படகு இடப்பக்கம் சாயும்போது இடப்பக்க நுரை முழுசாக முங்கி மேலே தள்ளும். வலப்பக்க நுரை தண்ணீரைவிட்டு வெளியே வந்து வெறும் எடையாகிக் கீழே அழுத்தும். இரண்டும் சேர்ந்து படகை நிமிர்த்தும். ஆகவே பெட்டியின் நடுவில் இருக்கும் நுரையைவிட இரு முனைகளில் இருக்கும் நுரைக்கு மதிப்பு அதிகம். பின்பக்கச் சின்னப் பெட்டிகளை விட்டுவிட்டால் மோட்டார் எடையில் பின்பக்கம் இறங்கி, அணியம் (படகின் முன்முனை) வானத்தைப் பார்க்கும்.

எவ்வளவு நுரை? 300 கிலோ ஃபைபர் கூடு தண்ணீருக்குள் ஏறக்குறைய 100 கிலோதான் கனக்கும். மோட்டார் 25 முதல் 30. மார்பளவு முங்கி உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத் தலைக்கு 15 கிலோ, எட்டுப் பேருக்கு 120. கூட்டினால் 250. ஒரு லிட்டர் நுரை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும், ஆகவே கொஞ்சம் தாராளமாக 300 லிட்டர் நுரை. நம் நான்கு பெட்டிகளின் கொள்ளளவு 350 லிட்டரைத் தொடுகிறது. இருக்கையே போதும், தனி மிதவை வேண்டாம்.

மலிவு என்று தெர்மோகோலை வைத்து அதன்மேல் நேரடியாகப் பாலியஸ்டர் ரெசின் பூசினால், ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். மேலே பளபளப்பான பெட்டி, உள்ளே பள்ளம். சிந்திய பெட்ரோலும் அதையே செய்யும். மூடிய நுண்ணறைகள் கொண்ட (அதாவது தண்ணீரை உறிஞ்சாத) பாலியூரித்தேன் நுரை வாங்குங்கள். பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். படகுச் சுவரில் ஒட்டுமிடத்தில் பெயின்டையும் பளபளப்பையும் முரட்டு உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, மூன்று அடுக்கு ஃபைபர் மேட்டை இருபுறமும் 8 செ.மீ. படியுமாறு ஒட்டுங்கள். தேய்க்காமல் ஒட்டியது சில மாதங்களில் உரியும். போல்ட் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ். உப்புத் தண்ணீரில் 304 புள்ளி புள்ளியாக அரிக்கும். குறுக்குப் பெட்டியின் அடியில், நடுவில், 4 செ.மீ. ஓட்டை விடுங்கள். உள்ளே வந்த தண்ணீர் பின்பக்கம் ஓடி வந்தால்தான் வாளியால் இறைக்க முடியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீச்சல் தெரியாதவருக்கு 100 நியூட்டன் ஜாக்கெட், அதாவது சுமார் 10 கிலோ தூக்குவது. நுரை மார்பிலும் கழுத்திலும் கூடுதலாக இருப்பதால் முகத்தை மேலே திருப்பும். 50 நியூட்டன் நீந்தத் தெரிந்தவருக்கு மட்டும். ஒரு காலத்தில் இவற்றில் இலவம்பஞ்சுதான் அடைத்தார்கள். மேலே உட்கார்ந்தால் இழைக்குள் இருந்த காற்று போய்விடும். இன்றைய நுரையும் நசுங்கினால் தூக்கும் சக்தியை இழக்கும், அதனால் ஜாக்கெட்டை மெத்தையாக்காதீர்கள். காயல் ஆழமில்லை என்று கழற்றவும் வேண்டாம். சேற்றில் கால் புதைந்தால் இடுப்பளவுத் தண்ணீரும் ஆபத்து.

மோட்டாரின் கில்-ஸ்விட்ச் கயிறு (இழுபட்டால் மோட்டாரை அணைப்பது) ஓட்டுநரின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். கயிறு இல்லாமல் அவர் விழுந்துவிட்டால், கைவிட்ட மோட்டாரை விசிறியின் (புரொப்பெல்லரின்) முறுக்கு ஒரு பக்கம் திருப்பும். படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும். அணியத்தில் எலுமிச்சம்பழம் கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் பழத்தை மறக்காதவர்கள் இந்தக் கயிற்றை மறக்கிறார்கள். விழுந்தவருக்கு வீசும் கயிறு மிதக்கும் பாலிபுரொப்பிலீனாக, 15 மீட்டராக இருக்கட்டும். நைலான் முங்கி விசிறியில் சுற்றும். இரண்டு கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் அணியத்துப் பக்கம், பெட்ரோல் டாங்கிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு சோதனை. மோட்டாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 40 கிலோ உலர்மணல் மூட்டையைக் கட்டுங்கள். மணல் முங்கினால் 25 கிலோதான் கனக்கும், முங்கிய மோட்டாரும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆள் ஏறாமல், படகில் தண்ணீரை வாளி வாளியாக விளிம்புவரை ஊற்றிவிட்டு, ஒரு விளிம்பைக் கையால் அழுத்தி விடுங்கள். நிமிர்ந்தால் சரி. சாய்ந்தே நின்றால் அந்தப் பக்கத்துப் பெட்டியில் நுரை குறைவு, இல்லை இரு பக்க முனைகளிலும் அளவு ஒத்துப்போகவில்லை.