முரட்டு டயருக்குள் பூட்டு வளையம்: வீட்டிலேயே மாட்டும் முறை

மணலிலோ பாறையிலோ இறங்குவதற்கு முன் டயரில் காற்றைக் குறைக்கிறோம். ஒரு சக்கரத்தின் மேல் 900 கிலோ எடை இருக்கிறது, உள்ளே 35 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடை முழுவதையும் காற்றே தாங்கினால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 370 சதுர செ.மீ. காற்றை 10 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அது 1,280 சதுர செ.மீ. ஆகிவிடும். மணலில் புதையாமல் போவதும், பாறையின் மேடுபள்ளத்தோடு ஒட்டிப் பிடிப்பதும் இந்தப் பரப்பால்தான்.

எல்லா டயரும் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. ராணுவ வண்டிகளுக்கும் கனமான ஆஃப்-ரோடு வேலைக்கும் செய்யப்பட்ட டயரின் பக்கச்சுவர் பல அடுக்கு நூலால் ஆனது, தடித்தது. எடையில் ஒரு பங்கை அந்தச் சுவரே தூக்கி நிறுத்திவிடும். சாதாரண டயர் 15 பி.எஸ்.ஐ.யில் காட்டும் நெகிழ்வை இது காட்ட வேண்டுமானால் எட்டுக்கோ ஆறுக்கோ இறக்க வேண்டும். அவ்வளவு கீழே போனால் டயரை ரிம்மோடு பிடித்து வைக்க ஆளில்லாமல் போகிறது. டயரை உள்ளிருந்தே ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் பூட்டு வளையம் தேவைப்படுவது டயரின் விறைப்பால். அந்த வளையத்தை உள்ளே நுழைப்பது பெரும்பாடாக இருப்பதும் அதே விறைப்பால்தான்.

டயரின் உள்விளிம்பில், ரப்பருக்குள் எஃகுக் கம்பிச் சுருள் புதைந்த தடித்த வளையம் இருக்கிறது. அதைத்தான் பீட் என்கிறோம். ரிம்மின் இரு ஓரங்களிலும் அது உட்கார்ந்திருக்கும். போல்ட்டோ பசையோ எதுவும் அதைப் பிடித்திருக்கவில்லை. உள்ளிருக்கும் காற்றுதான் அதை வெளிப்புறமாக ரிம் விளிம்பின் மேல் அழுத்தி வைக்கிறது. ஹம்வீ என்னும் அமெரிக்க ராணுவ வண்டியின் 37 அங்குல விட்டமும் 16.5 அங்குல ரிம்மும் உள்ள டயருக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால், 35 பி.எஸ்.ஐ.யில் ஒவ்வொரு பீட்டையும் காற்று ஐந்தரை டன் விசையோடு விளிம்பில் அழுத்துகிறது. 8 பி.எஸ்.ஐ.யில் அது ஒன்றேகால் டன்தான். அதுவும் சுற்றளவு முழுக்கப் பரவிய விசை. தரையைத் தொடும் பகுதிக்கு நேர் மேலே இருக்கும் கால்வட்டத்துக்குக் கிடைப்பது முந்நூறு, நானூறு கிலோதான். சரிவில் வண்டி பக்கவாட்டில் சாயும்போது ஒரு சக்கரத்தின் மேல் வரும் பக்க விசை இதைச் சுலபமாகத் தாண்டும். அந்தக் கணத்தில் பீட் உள்ளே நழுவும், மிச்சக் காற்றும் ஒரே மூச்சில் வெளியேறும்.

ஹம்வீ ரிம்மில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண 16, 17 அங்குல ரிம்களில் பீட் உட்காரும் தளம் 5 பாகைதான் சாய்ந்திருக்கும்; பீட் உள்ளே நழுவாமல் தடுக்க இன்றைய ரிம்களில் ஒரு சிறு மேடும் இருக்கும். 16.5 அங்குல ரிம்மின் தளம் 15 பாகை சாய்வு. தடுப்பு மேடு கிடையாது. காற்றுள்ளவரை நன்றாக இறுகும், காற்று குறைந்தால் வழுக்கி இறங்கும். விட்டமும் சாய்வும் பொருந்தாததால்தான் 16 அங்குல டயரை 16.5 ரிம்மில் ஏற்றவே கூடாது. அரை அங்குலம்தானே என்று காற்றை ஏற்றி ஏற்றி உட்கார வைக்கப் பார்த்தவர்கள், பீட் கம்பி அறுந்து டயர் வெடித்துச் செத்திருக்கிறார்கள்.

பூட்டுவதற்குப் பல வழிகள் உண்டு. வெளிப்புற பீட்டை ஒரு இரும்பு வளையத்துக்கும் ரிம்முக்கும் நடுவே வைத்து இருபது, முப்பது போல்ட்டால் நெரிப்பது ஒன்று. அதில் உள்பக்க பீட் பூட்டப்படாமலே இருக்கும். டயருக்குள் தனியாக ஒரு காற்றுப்பையைச் சுற்றி, அதில் மட்டும் உயர் அழுத்தம் ஏற்றி இரு பீட்களையும் தள்ளிப் பிடிப்பது இன்னொன்று. ஒரே துண்டான ரிம்முக்கு அது பொருந்தும், ஆனால் இரண்டாவது வால்வுக்குத் துளை போட வேண்டும். மூன்றாவது ஹம்வீயின் வழி: ரிம் இரண்டு பாதிகளாகப் பிரியும். இரு பீட்களுக்கும் நடுவே திடமான வளையம் ஒன்று நிற்கும். பாதிகளைச் சேர்த்து முடுக்கும்போது, விளிம்புக்கும் வளையத்துக்கும் இடையே இரண்டு பீட்களும் ஒரே சமயத்தில் நெரிபடும். காற்று பூஜ்யமானாலும் பிடி விடாது. அமெரிக்காவில் ராணுவம் கழித்துக்கட்டிய 12 போல்ட், 24 போல்ட் ஹம்வீ ரிம்கள் நிறையக் கிடைப்பதால், அங்கே பாறை ஏறும் வண்டிக்காரர்கள் நடுத்தட்டை மாற்றி வெல்டிங் செய்து அவற்றைத் தங்கள் டிரக்குகளில் மாட்டிக்கொள்கிறார்கள். நான் இங்கே சொல்லப்போவது இந்த மூன்றாவது வகையைத்தான்.

முதலில் பிரிப்பது. இந்தச் சக்கரத்தில் இரண்டு வகை நட்டுகள் அருகருகே இருக்கின்றன. சக்கரத்தை வண்டியோடு பிணைப்பவை எட்டு. ரிம் பாதிகளை ஒன்றோடொன்று பிணைப்பவை பன்னிரண்டோ இருபத்துநான்கோ. காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைத் தளர்த்தினால் ரிம்மின் பாதி பீரங்கிக் குண்டு வேகத்தில் கிளம்பும். எனவே சக்கரம் வண்டியில் இருக்கும்போதே வால்வின் உள்முள்ளைக் கழற்றுங்கள். சீறல் நின்ற பிறகு மெல்லிய கம்பி ஒன்றை வால்வுக்குள் விட்டு, அடைப்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகுதான் பானாவைத் தொட வேண்டும். மண் அடைத்த வால்வு காற்று போய்விட்டதுபோலவே ஏமாற்றும்.

அடுத்தது அளவு. பாதிப் பேர் தவறுவது இங்கேதான். ஹம்வீ ரிம்மின் அகலம், விளிம்பிலிருந்து விளிம்புக்கு, 8.25 அங்குலம், அதாவது 210 மி.மீ. உங்கள் டயரின் பீட் தடிமனை வெர்னியர் காலிப்பரால் நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். 25 மி.மீ. என்று வந்தால், 210-இல் இருந்து 50 போக 160 மி.மீ. மிஞ்சும். வளையத்தின் அகலம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் பீட் நெரிபடும். ரப்பர் வளையம் தானும் அமுங்கும் என்பதால் கூடுதலைத் தாராளமாக விடலாம். பி.வி.சி. வளையம் அமுங்காது, அங்கே அமுங்குவது பீட்டின் ரப்பர் மட்டுமே, ஆகவே ஓரிரு மில்லிமீட்டர் போதும். ஒரு கம்பெனி டயருக்குச் சரியாக இருந்த வளையம் இன்னொரு கம்பெனி டயருக்குச் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அகலம் அதிகமானால் ரிம் பாதிகள் முழுதாகச் சேராது, நடுவில் காற்றுக் கசியாமல் அடைக்கும் மெல்லிய ரப்பர் வளையமான ஓ-ரிங் தன் வேலையைச் செய்யாது. குறைந்தால் எல்லாம் அழகாகச் சேரும், காற்றும் நிற்கும், ஆனால் பீட் பூட்டப்பட்டிருக்காது. இரண்டாவது தவறுதான் மோசமானது, ஏனென்றால் வெளியே தெரியாது.

ரப்பரா, பி.வி.சி.யா? ரப்பர் கனமானது, நுழைக்கக் கடினமானது, ஆனால் அடி தாங்கும், அளவில் சிறு பிழை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பெரிய குழாயிலிருந்து வெட்டிய பி.வி.சி. வளையம் எடையில் பல மடங்கு குறைவு. ஓரிடத்தில் வெட்டி விட்டிருப்பதால், முனைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிச் சுருட்டி டயருக்குள் விட்டு விரித்துவிடலாம். ஆனால் பி.வி.சி. 80 பாகை செல்சியஸ் வாக்கில் இளகும். ஹம்வீயில் பிரேக் டிஸ்க் சக்கரத்துக்குள் இல்லை, வண்டியின் நடுப்பகுதியில் இருக்கிறது. பிரேக் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் வண்டியில், நீண்ட மலை இறக்கத்தில் ரிம் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. மெதுவாகப் பாறை ஏறுவதற்கு மட்டும் என்றால் நான் பி.வி.சி.யையே சொல்வேன். சாலையிலும் சுமையோடும் ஓடும் வண்டிக்கு ரப்பர்.

இனி ரப்பர் வளையத்தை விறைத்த டயருக்குள் நுழைப்பது. வளையத்தின் வெளிவிட்டம் பீட்டின் வாயைவிடப் பெரியது. அப்படி இருந்தால்தான் பீட்டின் பக்கத்தில் முட்டி நிற்கும். ஆகவே அப்படியே போகாது, மடிக்க வேண்டும். டயரையும் வளையத்தையும் இரண்டு மூன்று மணி நேரம் நல்ல வெயிலில் போடுங்கள். குளிர்ந்த ரப்பரோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் இரண்டு வேண்டும். முதல் பெல்ட்டை வளையத்தின் குறுக்கே போட்டு இறுக்கினால் அது நீள்வட்டமாகும். பிறகு நீண்ட பக்கம் ஒன்றின் நடுவில் ஒரு கட்டையை வைத்து உள்நோக்கி அழுத்தி, இரண்டாவது பெல்ட்டால் கட்டினால் முந்திரிப்பருப்பு வடிவம் வரும். பெல்ட்டின் கொக்கி உள்வளைவில் இருக்கட்டும். உள்ளே போன பிறகு கைக்கு எட்ட வேண்டும்.

டயரை நிமிர்த்தி வைத்து, இரு பீட்களுக்கும் நடுவே சிறிய பாட்டில் ஜாக்கியை மரக்கட்டைகளோடு வைத்து விரியுங்கள். ஜாக்கியின் இரும்புத் தலை பீட்டைத் தொடக் கூடாது. விரிந்த நிலையில் இரண்டு கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டு ஜாக்கியை எடுத்துவிடலாம். பீட்டின் ஓரத்திலும் வளையத்தின் வெளிப்புறத்திலும் டயர் மாட்டும் சோப்புக் குழம்பைத் தாராளமாகப் பூசுங்கள். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ ஆகாது. ரப்பரை ஊதவைக்கும், பூட்டிய பிறகும் வழுக்கும். மடித்த வளையத்தின் ஒரு முனையை முதலில் உள்ளே விட்டு, டயரின் அடிவரை தள்ளி, மறுமுனையை முழங்காலால் அழுத்தி இறக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டிய வேலை இது. பெல்ட்டைக் கத்தியால் அறுக்காதீர்கள். ராட்செட்டைப் படிப்படியாகத் தளர்த்துங்கள். சட்டென்று விரியும் வளையம் விரலை நசுக்கும். கடைசியாக ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் பகுதியை, முனை மழுங்கிய டயர் லீவரால் நெம்பி விடுங்கள். கூரான கடப்பாரை பீட்டைக் கிழித்தால், உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியில் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். அந்த டயரை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

உள்ளே போன வளையம் இரு பீட்களுக்கும் நடுவே சமமாக நிற்கிறதா என்று கையால் சுற்றித் தடவிப் பாருங்கள். அதில் காற்று போக ஒரு பள்ளமோ துளையோ இருக்கும். அது வால்வுக்கு நேராக வர வேண்டும். இல்லாவிட்டால் வளையமே வால்வின் வாயை அடைத்துவிடும். காற்று ஏறாது, அதைவிட ஆபத்தாக, இறங்கவும் இறங்காது.

ஸ்டட், அதாவது நட்டு ஏறும் மரைத்தண்டு, உள்ள ரிம் பாதியை, ஸ்டட் மேலே பார்க்கத் தரையில் கட்டைகளின் மேல் வையுங்கள். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தைத் துருவும் பழைய பெயிண்ட்டும் இல்லாமல் துடையுங்கள். ஓ-ரிங் புதியதாக இருக்கட்டும், மெல்லிய சிலிக்கான் கிரீஸ் பூச்சோடு, முறுக்கிக்கொள்ளாமல். டயரை வளையத்தோடு அதன் மேல் நேராக இறக்குங்கள். மேல்பாதியை வால்வுத் துளை பார்த்து வையுங்கள். விறைத்த டயரில் இந்த நேரத்தில் ஸ்டட்டின் முனை வெளியே தெரியாமல் போகலாம். வண்டியின் சட்டத்துக்கு அடியில் சக்கரத்தைப் படுக்க வைத்து, சட்டத்துக்கும் மேல்பாதிக்கும் நடுவே ஜாக்கி கொடுத்து அழுத்தினால் ஸ்டட் எட்டிப் பார்க்கும். இரண்டு மரை மட்டும் பிடித்த நட்டை முடுக்கி பாதியை இழுத்து வர முயன்றால் மரை உரியும்.

எல்லா நட்டையும் கையால் ஏற்றிய பிறகு, பாதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சுற்றிவரப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகன்றிருந்தால் வளையம் சாய்ந்திருக்கிறது, திரும்பத் திறவுங்கள். இடைவெளியே இல்லையென்றால் வளையம் குறுகலானது என்று அர்த்தம். பிறகு எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், மூன்று சுற்றாக முடுக்குங்கள். கடைசிச் சுற்று, முடுக்கும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால், அந்த ரிம்முக்குரிய கையேட்டில் உள்ள அளவுக்கு. 12 போல்ட் ரிம்மின் அளவை 24 போல்ட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. இம்பாக்ட் கன்னால் முடுக்குவது வேண்டவே வேண்டாம். தானாகத் தளராதபடி பிடிப்பு வைத்த பூட்டு நட்டு கையாலேயே கடைசிவரை ஓடுகிறது என்றால் அதன் பூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

காற்றடிக்கும்போது, வெடித்தால் சிதறுவதைத் தடுக்கும் இரும்புக் கூண்டு இல்லாத வீட்டில் குறைந்தது கனமான சங்கிலியால் நான்கு இடத்தில் டயரையும் ரிம்மையும் சுற்றிக் கட்டுங்கள். பல துண்டு ரிம்களுக்குத் தடுப்புக் கூண்டு கட்டாயம் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியே சொல்கிறது. அருகில் பஞ்சர் கடையில் கூண்டு இருந்தால் இந்த ஒரு வேலைக்கு அங்கே கொண்டுபோவதே மேல். கவ்விக்கொள்ளும் முனையும் நீண்ட குழாயும் வைத்துத் தள்ளி நின்று ஏற்றுங்கள். ரிம்மின் முகத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. டயருக்குரிய அழுத்தம் வந்ததும் சோப்பு நீர் தெளியுங்கள். பாதிகள் சேரும் கோட்டில் குமிழி வந்தால் ஓ-ரிங் நசுங்கியிருக்கிறது. ஸ்டட் ஓரத்தில் வந்தாலும் பெரும்பாலும் அதே காரணம்தான். நட்டை இன்னும் இறுக்கி அடைக்கப் பார்க்காதீர்கள். காற்றை முழுக்க இறக்கித் திறந்து பாருங்கள்.

முதல் நூறு கிலோமீட்டருக்குள் ரப்பர் அமர்ந்து நட்டின் இறுக்கம் குறையும். காற்றை இறக்கிவிட்டு டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சரிபாருங்கள். அத்தோடு பக்கச்சுவரிலிருந்து ரிம் விளிம்புக்கு ஒரே கோடாக, உள்ளும் புறமும், வெள்ளைப் பெயிண்ட் இழுத்துவிடுங்கள். 8 பி.எஸ்.ஐ.யில் செங்குத்தான பாறை ஏறி வந்த பிறகு அந்தக் கோடு உடைந்து, டயர்ப் பகுதி நகர்ந்திருந்தால் பீட் ரிம்மில் சுற்றியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நகர்ந்திருந்தால் அந்தப் பக்க பீட்டில் சோப்போ எண்ணெயோ தங்கியிருக்கலாம், கழுவித் துடைத்து மாட்டினால் போதும். இரண்டு பக்கமும் நகர்ந்திருந்தால் வளையம் குறுகல். அடுத்த அளவு வளையத்தைத்தான் வாங்க வேண்டும்.