பங்காளித்துவம்: எதில் பங்கு?

சிங்கப்பூரில் வெளியான ஒரு மொழிபெயர்ப்பில் அண்மையில் படித்தேன்: “தனியார் நில வனவிலங்கு வாழ்விட மறுசீரமைப்பு நிதிப் பங்காளித்துவம்.” ஏழு சொற்களில் ஆறை மன்னித்துவிடலாம். கடைசிச் சொல்லை முடியாது.

‘பார்ட்னர்ஷிப்’ என்பதற்குச் சிங்கப்பூர்ச் செய்திகளில் ஓயாமல் அடிபடும் சொல் இது. பள்ளியும் நிறுவனமும் சேர்ந்தால் பங்காளித்துவம். இரு நாடுகள் கைகுலுக்கினாலும் பங்காளித்துவம். பங்கை ஆள்பவர் பங்காளி, வாலில் வடமொழித் ‘துவம்’. அவ்வளவுதான் பிறப்பு. ஆனால் தமிழில் பங்காளி என்றால் யார்? பாட்டன் சொத்தில் பாகம் உள்ள தாயாதி. பங்காளிச் சண்டை, பங்காளிக் காய்ச்சல் என்றெல்லாம் சொல்வது அதனால்தான். வரப்பை வெட்டி நகர்த்திவிட்டு வழக்குக்கு நிற்பவர்கள் பங்காளிகள்.

‘பார்ட்னர்’ என்பதே கூட்டு வாரிசைக் குறித்த ‘பார்சனர்’ என்ற பழஞ்சொல்லின் திரிபு, ஆகவே பங்காளி கச்சிதமாகப் பொருந்துகிறது என்று வாதிடுவோர் உண்டு. மூலம் சரி. ஆங்கிலம் அந்தப் பாகப்பிரிவினையை எப்போதோ மறந்துவிட்டது. தமிழ் இன்னும் மறக்கவில்லையே!

அதிலும் அந்த மொழிபெயர்ப்பு சொல்லும் திட்டத்துக்கு அந்தச் சொல் நேர்மாறு. அமெரிக்காவின் மீன், வனவிலங்குத் துறை 1987இல் இப்படியொரு திட்டத்தைத் தொடங்கியது. முன்பு நீரை வடித்து உழவுக்குத் திருத்திய சதுப்பு ஒன்று விவசாயியிடம் இருக்கிறது. வடிகாலை அடைத்தால் தண்ணீர் மறுபடி தேங்கும், வாத்துகள் இறங்கும். ஓடைக்கரையை மாடுகள் மிதிக்காமல் வேலி போடலாம். செலவில் ஒரு பகுதியும் வல்லுநர் ஆலோசனையும் அரசு தரும். செய்த வேலையைக் குறைந்தது 10 ஆண்டுகள் குலைப்பதில்லை என்று அவர் ஒப்பந்தம் போடுவார். விருப்பமிருந்தால் சேரலாம், நிலம் என்றும் அவருடையதே. பங்கு செலவில்தான், மண்ணில் இல்லை. தமிழ் விவசாயி ஒருவரிடம் “அரசாங்கம் இனி உங்கள் பங்காளி” என்று சொல்லிப் பாருங்கள். முதல் வேலையாகப் பத்திரத்தை ஒளித்துவைப்பார்.

சிங்கப்பூரிலோ நிலம் பெரும்பாலும் அரசுடையது. புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே விலங்குகள் கடக்க 2013இல் பாலம் கட்டியபோது எந்த விவசாயியிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. 99 ஆண்டுக் குத்தகை வீட்டில் அமர்ந்து மொழிபெயர்ப்பவருக்கு வரப்புத் தகராறு எங்கே உறைக்கும்?

சரி, மாற்று என்ன? ‘கூட்டாண்மை’ தமிழ்நாட்டு வணிகவியல் பாடநூல்களில் உண்டு. ஆனால் இலங்கையில் அதைப் பெருநிறுவனம் தொடர்பான பொருளில் எழுதுகிறார்கள். கூட்டுறவு என்றால் சங்கமும் கடையும்தான். கூட்டணியை அரசியல்வாதிகள் எடுத்துக்கொண்டார்கள். வெறும் ‘கூட்டு’ போதும். பூசணிக்காய்க் கூட்டு நினைவுக்கு வருகிறது என்கிறார்கள். கூட்டுக் குடும்பம் என்னும்போது வராத பூசணிக்காய் இங்கே மட்டும் ஏன் வரவேண்டும்?

‘மறுசீரமைப்பு’ என்ற சொல்லையும் கடனுக்கும் அமைச்சுகளுக்கும் விட்டுவிடலாம். சதுப்புக்கு ‘மீட்பு’ நல்ல சொல். ஆக, “தனியார் நிலங்களில் வனவிலங்கு வாழிடங்களை மீட்கக் கூட்டு நிதி.” படித்தவுடன் புரிகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களோ உருபுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெயர்ச்சொற்களை வரிசையாகக் கோத்துக்கொண்டே போகிறார்கள். ‘ஐ’க்கும் ‘இல்’லுக்கும் இன்னும் யாரும் பொருள், சேவை வரி போடவில்லை.