வரைபடத்துக்கு முன் நடக்க வேண்டிய பேச்சு

1970-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் சென்னையில் கட்டிய பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல இன்று இடிக்கப்பட்டு, அதே இடத்தில் உயரமான புதிய கட்டடங்களாக எழும்பி வருகின்றன. வாரியத்தின் பெயரும் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. மக்களை வேரோடு பிடுங்கி நகரின் ஓரத்திலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய காலத்தை நினைத்தால், வாழ்ந்த இடத்திலேயே வீடு கட்டித் தருவது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், இடம் மாறாவிட்டாலும் வாழ்க்கை குலைந்துபோகும் என்பதைச் சமூக வளர்ச்சிப் பணியில் இருக்கும் நான் அடிக்கடி பார்க்கிறேன். அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மக்களிடம் கருத்துக் கேட்கப்படும் நாளில் வரைபடம் முடிந்து, ஒப்பந்தப்புள்ளிக்கும் தயாராகிவிடுகிறது.

2021 டிசம்பர் இறுதியில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புத் தொகுதி இடிந்து விழுந்தபோது ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைக் கவனித்த குடியிருப்புவாசிகள் முன்னதாகவே வெளியேறியிருந்ததே அதற்குக் காரணம். எந்தச் சுவர் ஊறுகிறது, எந்தப் படிக்கட்டு ஆடுகிறது, எந்த மழைக்கு எந்தப் பக்கம் சாக்கடை எதிர்த்து வருகிறது என்பதெல்லாம் அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்த அறிவைத் திட்டத்துக்குள் கொண்டுவருவதற்கான வழியே கருத்துக்கேட்பு.

நடைமுறையில் கூட்டம் வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு வைக்கப்படுகிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும், கட்டட வேலைக்கும் சுமை தூக்கவும் போகும் ஆண்களும் அந்த நேரத்தில் வர முடியாது. வருகிறவர்கள் குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவரைச் சார்ந்த சிலரும்தான். அவர்களுடைய கையெழுத்துகளே ‘மக்கள் சம்மதம்’ என்று கோப்பில் ஏறிவிடுகின்றன. மாலை ஏழு மணிக்கு மேல், தொகுதி தொகுதியாக, பெண்களுக்கென்று தனியாகவும் ஒரு கூட்டம் வைத்தால் பேச்சே வேறாக இருக்கும். அத்தகைய ஒரு கூட்டத்தில் புதிய வீட்டின் அளவைத் தரையில் சுண்ணாம்புக் கோடாக முழு அளவில் வரைந்து காட்டினோம். காகிதத்தில் பார்த்தபோது தலையாட்டிய பெண்கள் கோட்டுக்குள் வந்து நின்றதும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். தண்ணீர்க் குடங்களை எங்கே அடுக்குவது, சிலிண்டர் வைத்தால் சமையலறைக் கதவு திறக்குமா, இட்லி மாவு அரைத்து விற்கிறவருக்குக் கிரைண்டர் வைக்க இடம் எது, மீன் கூடையுடன் லிஃப்ட்டில் ஏற விடுவார்களா என்று வந்த கேள்விகள் ஒவ்வொன்றும் வடிவமைப்பைத் தொடுபவை. அன்று வரைபடம் இன்னும் முடிவாகவில்லை என்பதால் சமையலறைக் கதவின் இடத்தை மாற்ற முடிந்தது. மும்பையில் மகிளா மிலன் அமைப்பின் நடைபாதைவாசிப் பெண்கள் தங்கள் வீட்டு மாதிரிகளை முழு அளவில் செய்து பார்த்தது இத்துறையில் பலருக்கும் தெரிந்த முன்னுதாரணம்.

கூட்டத்துக்கும் முந்தையது கணக்கெடுப்பு. பெரும் பிழைகள் நுழைவது இங்கேதான். வீட்டுக்கான ஒதுக்கீட்டு ஆணை ஒருவர் பெயரில் இருக்கும். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அந்த ஒற்றை அறையில் மகன்கள் இருவரும் மகளும் தனித்தனிக் குடும்பமாக வாழ்ந்துகொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டில் இருப்பவரோ வாடகைக்கு வந்தவராக அல்லது வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியவராக இருப்பார். ஆணையை மட்டும் பார்த்து எண்ணினால் பட்டியல் சீக்கிரம் முடியும், தகராறும் அன்றே தொடங்கும். பட்டியலை ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் ஒட்டி, ஆட்சேபணை தெரிவிக்க அவகாசம் கொடுத்து, விடுபட்டவர்களைச் சேர்த்த பிறகே சம்மதக் கடிதம் வாங்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இடைக்கால வாழ்க்கையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மறுகட்டுமானத்துக்காக வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்கான கருணைத்தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் பணி 18 மாதத்தில் முடியும் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய்தான் வருகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கும் பெரியவர்களின் வேலைக்கும் அருகில் அந்த வாடகைக்கு வீடு கிடைக்காது. அட்வான்ஸ் தொகைக்குக் கடன்தான் வாங்க வேண்டும். புதிய வீட்டுக்காகக் குடும்பம் செலுத்த வேண்டிய பயனாளி பங்களிப்பு எவ்வளவு, எப்போது, எத்தனை தவணையில் என்பதையும் வீடு கட்டி முடித்த பிறகு சொல்வது நியாயமாகாது.

சட்டத்தின் போக்கும் இதே திசையில்தான் இருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2010-இல் சுதாமா சிங் வழக்கிலும், 2019-இல் அஜய் மாக்கன் வழக்கிலும், கணக்கெடுப்பும் மக்களுடன் மெய்யான கலந்தாய்வும் இல்லாமல் குடிசைவாசிகளை வெளியேற்றக் கூடாது என்பதை வலியுறுத்தியது. தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம், தெருவோர விற்பனையை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டு இடங்களை வியாபாரிகளுக்கே ஒதுக்குகிறது. குடியிருப்பின் வாசலில் தள்ளுவண்டி வைத்திருப்பவரின் இடமும் மறுகட்டுமானத்தில் பறிபோகும் என்பதால் அந்தக் குழுவையும் தொடக்கத்திலேயே அழைக்க வேண்டும். தமிழ்நாட்டு நகரங்களில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேச 2022 முதல் நடக்கும் பகுதி சபைக் கூட்டங்களை இத்தகைய கலந்தாய்வுக்குப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு.

கூட்டுப் பொறுப்பு என்று எல்லோரும் பேசுகிறோம். யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி வைக்காதவரை அதனால் பயனில்லை. வாரியம் கட்டுகிறது, குடிநீர் வாரியம் இணைப்புத் தர வேண்டும், மின்வாரியம் மின்மாற்றி வைக்க வேண்டும், மாநகராட்சி குப்பை எடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று தாமதமானாலும் சாவி கைக்கு வந்த பிறகும் மக்கள் குடியேற முடியாது. பராமரிப்பைப் பொறுத்தவரை, குடியிருப்போர் சங்கம் திரட்டும் தொகைக்கு இணையான பங்கை அரசு தரும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் நல்ல அடித்தளம். ஆனால் சங்கம் திறப்பு விழாவுக்குப் பின் அவசரமாகப் பதிவாவதைவிட, கட்டுமானம் நடக்கும்போதே உருவாகி, தரத்தைப் பார்வையிடும் உரிமையோடு பழகியிருப்பது மேல். தாய்லாந்தில் 2003-இல் தொடங்கிய பான் மன்காங் என்ற குடிசைப் பகுதி வீட்டுத் திட்டத்தில் கணக்கெடுப்பு, சேமிப்பு, வடிவமைப்பு ஆகிய மூன்றிலும் குடியிருப்பு மக்களே முன்னிற்கிறார்கள். அரசு நிறுவனம் கடனைக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தருகிறது.

உங்கள் குடியிருப்பில் சம்மதக் கடிதம் கேட்டு வந்தால், வீட்டின் பரப்பளவு, உங்கள் பங்களிப்புத் தொகை, திரும்பக் குடியேறும் மாதம், வீடு ஒதுக்கப்படும் முறை ஆகிய நான்கும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கீழ்த்தளம் உண்டா என்று கூட்டத்திலேயே கேட்டுப் பதிலை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட கடிதத்துக்கும் குறிப்புக்கும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து வாங்கலாம்.