கியர் லீவருக்குள் ஒரு தாழ்ப்பாள்

ஒரு வெள்ளிக்கிழமை திருகோணமலைக் கோணேசர் கோயில் பூசை முடிந்து, அப்பாவை ஏற்றிக்கொண்டு பிரெடரிக் கோட்டை வழியாக இறங்குவதற்காகக் காரில் அமர்ந்தேன். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் டாஷ்போர்ட் விளக்குகள் மட்டும் எரிந்தன, எஞ்சின் இயங்கவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு இழுத்தாலும் கியர் லீவர் ‘பார்க்’கை விட்டு அசையவில்லை. ஸ்மார்ட் திறப்பின் பற்றரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். உவர்மலையிலிருந்து வந்த வயரிங் பாஸ் திறப்பைக் கையில்கூட வாங்கவில்லை. “தம்பி, பிரேக்கை மிதியுங்கள்” என்று சொல்லிவிட்டுக் காரின் பின்னால் போய் நின்றார். பிரேக் விளக்கு எரியவில்லை. பியூஸ் ஒன்றை மாற்றினார். விளக்கு, எஞ்சின், லீவர் மூன்றும் ஒன்றாக உயிர்பெற்றன.

பிரேக் மிதிக்கு மேலே ஒரு சிறிய சுவிச் இருக்கிறது. மிதித்ததும் அது அனுப்பும் 12 வோல்ற்று பின்னாலுள்ள பிரேக் விளக்கை எரிக்கிறது, எஞ்சினை இயக்க அனுமதி கொடுக்கிறது, லீவரையும் விடுவிக்கிறது. அந்த மூன்றாவது வேலையைத்தான் ஷிஃப்ட் லொக் என்கிறோம். திறப்பைத் துளையில் செருகாமலே ஓடும் காருக்குக் கூடுதலாக ஒரு பூட்டுப் போட நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

ஓட்டோ கியர் வண்டியில் ‘பார்க்’ போட்டதும் கியர்பெட்டிக்குள் ஓர் உருக்குப் பல், வெளிச்செல்லும் தண்டிலுள்ள பற்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து சக்கரங்களைப் பிடித்துக்கொள்கிறது. லீவரின் அடியில் இருப்பது வேறொரு பிடி. பாடசாலையில் வரிச்சுருள் என்று படித்தோமே, ஆணியில் செப்புக் கம்பியைச் சுற்றிக் குண்டூசிகளை இழுத்தோமே, அதுவேதான். சுருளின் நடுவே ஒரு சிறிய இரும்புத் தண்டு, அதை வெளியே தள்ளியபடி ஒரு வில். வில்லின் தள்ளலில் அந்தத் தண்டு லீவரின் பாதையை மறிக்கிறது. மின்னோட்டம் பாய்ந்தால் காந்தப்புலம் தண்டை உள்ளே இழுக்கிறது, ‘டிக்’ என்று ஒரு சத்தம், லீவர் நகர்கிறது. மின்சாரம் இல்லாதபோது பூட்டியே இருப்பது இதன் தனிச்சிறப்பு. பற்றரி வயரைக் கழற்றினாலும் இந்தத் தாழ்ப்பாள் திறக்காது.

இது பரவலாக அறிமுகமானதே விற்ற வண்டிகளில் பிறகு பொருத்தியதால்தான். 1980களில் அமெரிக்காவில் அவுடி 5000 கார்கள் தாமாகவே பாய்கின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்த நிறுவனம் 1987இல் கார்களைத் திருப்பி அழைத்து, பிரேக்கை மிதித்தால் மட்டுமே லீவர் நகரும்படி இந்தப் பூட்டைப் பொருத்தியது. பிரேக் என்று எண்ணி முடுக்கியை மிதித்ததே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் என்று அமெரிக்க அரசின் ஆய்வு 1989இல் கண்டது. 2010 செப்டம்பரிலிருந்து அங்கே இது சட்டப்படி கட்டாயம்.

பழைய உலோகத் திறப்பு இரண்டு காவல் வேலைகளைச் செய்தது. ஸ்டியரிங்கைப் பூட்டியது ஒன்று. ‘பார்க்’ போடாமல் திறப்பை உருவ முடியாதபடி தடுத்தது மற்றது. ஸ்மார்ட் திறப்பில் உருவுவதற்கு எதுவும் இல்லை. கார் 125 அல்லது 134 கிலோஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த மீடிறனில் அழைக்கிறது. சட்டைப்பையிலுள்ள திறப்பு சில நூறு மெகாஹேர்ட்ஸில் பதில் சொல்கிறது. அந்த அழைப்பின் காந்தப்புலம் ஓரிரு மீற்றருக்குள் தேய்ந்துபோவதால், பதில் வந்தால் உரிமையாளர் பக்கத்தில் இருக்கிறார் என்று கார் நம்பிவிடுகிறது. திருடர்கள் இரண்டு கருவிகளால் அந்த உரையாடலை நீட்டி, வீட்டுக்குள் கிடக்கும் திறப்பைக் காருக்கு அருகில் இருப்பதுபோலக் காட்டிவிடுகிறார்கள். எஞ்சின் இயங்கத் தொடங்கிவிடும். அதன் பிறகும் ‘பார்க்’கை விட்டு லீவர் நகராவிட்டால் காரை ஓட்டிச்செல்ல முடியாது.

திருட்டுக்குப் பயந்து எரிபொருள் பம்புக்கு மறைவான சுவிச் வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இணைப்பு தளர்ந்தால் ஓடும்போதே எஞ்சின் நிற்கும். ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கின் துணைவிசை குறையும். கந்தளாய் கடந்து ஹபரணைப் பக்கம் யானை குறுக்கிடும் வீதியில், இரவில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஷிஃப்ட் லொக் லீவரைப் ‘பார்க்’கில் மட்டுமே பிடிக்கும். ஓட்டத்தில் வயர் அறுந்தாலும் வண்டி வழக்கம்போல ஓடும். அடுத்த முறை ‘பார்க்’ போட்ட பிறகுதான் குறை தெரியும்.

இணைப்பு எளிதானது. சொலனொயிட்டுக்கு, அதாவது அந்த வரிச்சுருளுக்குப் போகும் வயரை வெட்டி, நடுவே ரிலே (சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் இயங்கும் சுவிச்) ஒன்றின், இயல்பில் திறந்திருக்கும் 30, 87 முனைகளைச் சேர்க்க வேண்டும். ரிலேயின் சுருளான 85, 86ஐ, உங்களுக்கு மட்டும் தெரிந்த பொத்தானோ, இரகசிய இலக்கங்களை அழுத்தும் சிறு பலகையோ இயக்கும். ஒருமுறை அனுமதி கொடுத்தால் காரை அணைக்கும் வரை அது நீடிக்க வேண்டும். இல்லையென்றால் வழியில் ‘பார்க்’ போடும் ஒவ்வொரு முறையும் அவதிதான். ரிலே சுருளுக்குக் குறுக்கே ஓர் இருவாயி (டயோட்) கட்டாயம், வெள்ளிக் கோடு நேர்முனைப் பக்கம் இருக்கும்படி. மின்னோட்டம் திடீரென அறும்போது காந்தப்புலம் சரிந்து, அந்தச் சிறு சுருளிலேயே நூறு வோல்ற்றுக்கு மேல் எழக்கூடும். காரின் கணினியைக் காப்பது அந்த இருவாயிதான்.

வெட்ட வேண்டியது சொலனொயிட் வயர். பிரேக் சுவிச்சுக்கு அருகில் வெட்டினால் பிரேக் விளக்கும் போய்விடும். கோட்டைக்குள் நான் பட்ட பாட்டை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள். லீவரைச் சுற்றி மஞ்சள் உறையிட்ட வயர்கள் தெரிந்தால் அவை எயார்பேக்கினுடையவை, தொடக்கூடாது. ஹைபிரிட்டின் செம்மஞ்சள் கேபிள் உயிரைப் பறிக்கும் வோல்ற்றளவு உடையது. இந்த வேலை தெரிந்த பாஸிடம் கொடுப்பதே நல்லது. பிரியஸ் போல, கையை விட்டதும் லீவர் நடுவுக்குத் திரும்பும் கார்களுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே லீவர் வெறும் சுவிச். ‘பார்க்’ தனிப் பொத்தான்.

ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். பல கார்களில் லீவருக்குப் பக்கத்தில் விரல்நுனி அளவு மூடி ஒன்று இருக்கும். அதைக் கிளப்பி உள்ளே எதையாவது அழுத்தினால் தாழ்ப்பாள் கையாலேயே விலகும். பற்றரி செத்த வண்டியைத் தள்ளி நகர்த்த அது தேவை. விவரம் தெரிந்த திருடனுக்கும் அது வாசல். ஆகவே ரிலே மட்டும் போட்டால் தெரியாதவனைத்தான் தடுக்கலாம். அந்த மூடியின் வழி எட்டாத இடத்தில் தனி வரிச்சுருளும் தண்டும் பூட்டி, அவசரத்துக்கு ஓர் உலோகத் திறப்பையும் வைப்பதே முழுமையான வேலை. செலவு கூடும்தான், ஆனாலும் நான் அதையே தேர்ந்தேன்.

திருகோணமலையில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. உப்புவெளியில் கடலோரம் நிற்கும் வண்டிகளின் செப்பு முனைகள் சீக்கிரமே பச்சை பூத்துவிடும். முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு இங்கே நிலைக்காது. ஈயம் பற்றவைத்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயால் மூட வேண்டும்.

பூட்டிய அன்று மாலை, வீட்டு முற்றத்தில் சோதித்தோம். அனுமதி கொடுக்காமல் பிரேக்கை மிதித்தேன், லீவர் அசையவில்லை. பொத்தானை அழுத்தி மிதித்தேன். ‘டிக்’ கேட்டது, லீவர் இறங்கியது. பிறகு ரிலேயைக் கழற்றி எடுத்துவிட்டு மறுபடி மிதித்தேன். “எரிகிறது மாமா, இரண்டு பக்கமும் எரிகிறது” என்று பின்னால் நின்ற மருமகள் சொன்ன பிறகுதான் லீவரின் மூடியைத் திருகினேன்.