ஆலிவ் மரப் பொந்தில் ஏறிவந்த பாம்பு

வளர்ந்த மரங்களை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டுத் தருவது என் தொழில். ஸ்பெயினிலிருந்து கப்பலில் வரும் முதிய ஆலிவ் மரம் வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். முறுக்கேறிய அடிமரமும் அதிலுள்ள பொந்தும் வெடிப்பும்தான் அந்த மரத்துக்கு விலை. கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் இபிஸா தீவைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இபிஸா, மேற்கு மத்தியதரைக் கடலில் உள்ள ஸ்பானியத் தீவு. பைன் மரங்களும் ரோஸ்மேரிப் புதர்களும் அடர்ந்த, ஏறக்குறைய 570 சதுர கிலோமீட்டர் நிலம். அங்கே இயற்கையாகப் பாம்பே கிடையாது. இபிஸாவின் மண் பாம்புகளை விரட்டும் என்று 1-ஆம் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். அந்த நிலத்தில் அச்சமின்றிப் பெருகியது ஒரு சுவர்ப்பல்லி. நம் வீட்டுப் பல்லி இரவில் வருவது. இது பகலில் பாறைமேல் வெயில் காய்ந்து இரை தேடுவது. இபிஸா, ஃபொர்மெந்தேரா, அவற்றைச் சுற்றியுள்ள குட்டித் தீவுகள் ஆகியவைதான் இதன் பூர்வீகம். குட்டித் தீவுக்குக் குட்டித் தீவு நிறம் மாறும்: ஓரிடத்தில் பச்சை, ஓரிடத்தில் நீலம், ஓரிடத்தில் கறுப்பு.

2003-ஆம் ஆண்டு வாக்கில் இபிஸாவில் பாம்புகள் தென்பட்டன. பண்ணை வீடுகளையும் விடுதித் தோட்டங்களையும் அழகுபடுத்த ஸ்பெயினின் பெருநிலத்திலிருந்து முதிய ஆலிவ் மரங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. குளிருக்கு ஒடுங்கிக் கிடந்த பாம்புகளும் அவற்றின் முட்டைகளும் அந்தப் பொந்துகளிலேயே பயணம் செய்து வந்தன. வந்தவற்றில் குதிரைலாடப் பாம்பு மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகியது. மனிதருக்கு ஆபத்தில்லாத, நஞ்சற்ற பாம்புதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பாம்பையே பார்த்திராத பல்லிக்குத் தப்பும் வழி தெரியவில்லை. 2018-க்குள் தீவின் பாதியளவு பாம்பின் வசமாகிவிட்டது. அது பரவிய இடங்களில் பல்லி காணாமற்போனது. கடலில் நீந்திக் குட்டித் தீவுகளையும் அது எட்டுகிறது. 2010-லிருந்து பல்லியின் எண்ணிக்கை பாதிக்குமேல் குறைந்துவிட்டதால், 2024-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது.

பல்லிதானே என்று யாராவது சொல்லும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை. இந்தப் பல்லி பூக்களில் தேன் குடிக்கும், பழம் தின்று விதை பரப்பும். பல்லி போனால் என்னவாகும் என்பதற்கு, இபிஸாவைப் போலவே பலேரிக் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த மெனோர்க்காவே சான்று. மனிதர் கொண்டுவந்த விலங்குகளால் அங்கே பெரிய தீவில் பூர்வீகப் பல்லி அழிந்தது. கரையோரக் குட்டித் தீவுகளில் மட்டும் எஞ்சியது. விதை பரவுவதற்குப் பல்லியையே நம்பியிருந்த, மெனோர்க்காவுக்கே உரிய ஒரு டாஃப்னே புதர், பல்லி எஞ்சியிருக்கும் கொலோம் தீவில்தான் இன்று நன்றாகக் கன்று விடுகிறது. மற்ற இடங்களில் கிழட்டுச் செடிகள் நிற்கின்றன, இளங்கன்றுகளைக் காண்பது அரிது.

இபிஸாவில் இப்போது எலியை இரையாகக் காட்டும் பெட்டிப் பொறிகளை வைத்துப் பாம்பு பிடிக்கிறார்கள். முதிய மரங்கள் தீவுக்குள் வருவதைக் கட்டுப்படுத்தி 2023-இல் பலேரிக் அரசு அவசரச் சட்டமும் கொண்டுவந்தது. முதல் பாம்பு தென்பட்டு இருபது ஆண்டுகள் கழித்து!

என் தொழிலில் இருப்பவர்களும் மரம் வாங்குபவர்களும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மரத்தோடு வரும் தாவரநலச் சான்றிதழ் பூச்சிக்கும் நோய்க்கும் உரியது. பொந்துக்குள் சுருண்டு கிடக்கும் பாம்பையோ பட்டைக்கடியில் ஒட்டிய நத்தை முட்டையையோ அதை நம்பி விட்டுவிட முடியாது. ஆகவே டார்ச் அடித்து ஒவ்வொரு பொந்தையும் பாருங்கள். உள்ளே சேர்ந்திருக்கும் சருகையும் மட்கையும் முழுவதும் வெளியே எடுங்கள். வேர்ப்பந்தின் வெடிப்புகளைச் சோதியுங்கள். நடுவதற்கு முன் சில வாரங்களாவது புதரில்லாத தரையில் மரத்தைத் தனியே நிறுத்திக் கவனியுங்கள். ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் மரத்துக்கும் இதே சோதனைதான். அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ யாராவது வளர்ந்த மரம் அனுப்பச் சொன்னால் நான் மறுத்துவிடுகிறேன். அங்கேயே கன்று வளர்க்கச் சொல்கிறேன்.

இங்கே வீட்டு முகப்புக்கு உடனே பெரிய மரம் வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சாலை விரிவாக்கத்துக்காக வெட்டப்படவிருக்கும் புன்னையோ மகிழமோ அதே வட்டாரத்தில் இருந்தால், உரிய அனுமதி பெற்றுப் பெயர்த்து நட்டுத் தருகிறேன்.