போர்மட் அடிக்க முதல் மெயில் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் சின்னதாக ஒரு விடுதி நடத்தும் அக்கா ஒருவர் போன கிழமை என் கம்பியூட்டர் கடைக்கு வந்தார். கம்பியூட்டர் இழுபடுகிறது என்று யாரோ ஒரு தெரிந்த பெடியனிடம் கொடுத்திருக்கிறார், அவனும் போர்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறான். பெடியனைக் குறை சொல்ல முடியாது, டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் கவனமாக எடுத்து வைத்துத் திரும்பப் போட்டிருக்கிறான். ஆனால் மெயில் பார்க்கிற மென்பொருளான தண்டர்பேர்டைத் திறந்தால் கடைசி இரண்டு கிழமை மெயில்தான் நிற்கிறது. வெளிநாட்டு ஆட்கள் அறை பதிந்தது, முற்பணம் அனுப்பியது, பயண முகவர்களோடு கதைத்து முடித்த விலை, ஒன்றும் இல்லை. சீசன் நேரம் வேறு.

"தம்பி, மெயில் எல்லாம் இன்டர்நெட்டிலதானே கிடக்கும், எடுத்துத் தாங்க" என்றார்.

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். மெயில் எல்லாம் இன்டர்நெட்டில் கிடக்காது. கிடக்கலாம், கிடக்காமலும் விடலாம். அது, நீங்கள் முதல் நாள் அந்த மென்பொருளைப் போடும்போது ஒரு திரையில் எதைத் தெரிவு செய்தீர்கள் என்பதில் இருக்கிறது, அதைத் தெரிவு செய்தது நீங்களாகவும் இருக்காது, "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டிவிட்டுப் போன என்னைப் போன்ற ஒருவராகத்தான் இருக்கும்.

அந்தத் திரையில் பொப்3, ஐமெப் என்று இரண்டு இருக்கும். பொப்3 என்பது தபால் கந்தோருக்குப் போய் உங்கள் கடிதங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவது. அதற்குப் பிறகு கந்தோரில் போய்க் கேட்டால் அங்கே ஒன்றும் இருக்காது, வீடு எரிந்தால் கடிதமும் எரிந்தது. ஐமெப் என்றால் கடிதம் கந்தோரிலேயே இருக்கும், நீங்கள் அதன் பிரதியை வைத்து வாசிக்கிறீர்கள். இதில் ஆட்களை ஏமாற்றுவது என்ன தெரியுமா? பொப்3 போட்டாலும் தண்டர்பேர்ட் உடனே அழிக்காது. சேவரில், அதாவது அந்தக் கந்தோரில், 14 நாள் விட்டுவைக்கும்படிதான் அதன் வழக்கமான அமைப்பு. மைக்ரோசொப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கிலும் அப்படித்தான். அதனால் முதல் இரண்டு கிழமையும் கம்பியூட்டரிலும் மெயில் இருக்கும், போனிலும் இருக்கும், எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். பிறகு ஒவ்வொரு நாளும் பழையது சத்தமில்லாமல் சேவரிலிருந்து கழன்றுகொண்டே போகும். அந்த அக்காவுக்கு இரண்டு கிழமை மெயில் மட்டும் மிஞ்சியது இதனால்தான். நீங்கள் அனுப்பிய மெயில்கள் இன்னும் மோசம், பொப்3-இல் அவை சேவருக்குப் போய்ச் சேமிக்கப்படுவதே இல்லை, அந்த ஒரு கம்பியூட்டரில் மட்டும்தான் இருக்கும்.

"என்னுடையது ஜிமெயில், அப்படி நடக்காதே" என்பீர்கள். ஜிமெயிலில் பொப் எடுத்த பிறகு பிரதியை வைப்பதா அழிப்பதா என்பதை அதன் சொந்த செட்டிங்ஸ் தீர்மானிக்கும், அதனால் பெரும்பாலும் தப்பிவிடுவீர்கள். விடுதி, கடை, நிறுவனம் என்று சொந்தப் பெயரில் முகவரி வாங்கி வைத்திருக்கிறவர்கள்தான் மாட்டுவது. ஹோஸ்டிங்காரன் (சேவரில் இடம் வாடகைக்குத் தருகிறவன்) தந்த இடம் கொஞ்சம், அது நிறையாமல் இருக்கட்டும் என்று யாரோ பொப்3 போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

சரி, புதிதாகப் போடுகிறவர்களுக்கு. தண்டர்பேர்ட் இலவசம், அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பெயர், முகவரி, பாஸ்வேர்ட் கொடுத்ததும் அதுவே சேவர் விவரங்களைத் தேடி எடுத்து இரண்டு தெரிவையும் காட்டும். ஐமெப். வேறு யோசனை வேண்டாம். இன்டர்நெட் இல்லாத நேரம் வாசிக்க முடியாதே என்று பொப்3-க்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கவலையே தேவையில்லை, ஐமெப்பிலும் தண்டர்பேர்ட் கம்பியூட்டரில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும்.

ஜிமெயில் என்றால் கூகுளின் லொகின் பக்கம் தனியாகத் திறக்கும், அதில் நுழைந்து அனுமதி கொடுத்தால் முடிந்தது. சொந்தப் பெயர் முகவரி என்றால் சிலவேளை கையால் போட வேண்டி வரும்: வருகிற மெயிலுக்கு ஐமெப் போர்ட் (சேவரின் வாசல் இலக்கம் மாதிரி) 993, போகிற மெயிலுக்கு எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) போர்ட் 465 அல்லது 587, யூசர்நேமுக்கு முழு முகவரி. பாஸ்வேர்ட் பிழை என்று திரும்பத் திரும்பச் சொன்னால் மென்பொருளோடு மல்லுக்கட்டாமல் முதலில் பிரவுசரில் நுழைந்து பாருங்கள். அங்கேயும் நுழைய முடியாவிட்டால் பிழை தண்டர்பேர்டில் இல்லை.

இன்னொன்று, இது பழைய கம்பியூட்டர்காரர்களுக்கு. சேவர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழில் பிழை என்று ஒரு பெட்டி வந்தால், கண்ணை மூடிக்கொண்டு "விதிவிலக்கு கொடு" என்ற பொத்தானைத் தட்டுகிறீர்களே, தட்டாதீர்கள். முதலில் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். மதர்போர்ட்டில் இருக்கும் காசு அளவு பற்றரி செத்துப்போனால், கரண்ட் போய் வந்ததும் திகதி எங்கேயோ பழைய வருடத்துக்கு ஓடிவிடும், அந்தத் திகதிக்கு எந்தச் சான்றிதழும் செல்லாது. சிஆர்2032 என்ற பற்றரி, விலை பெரிதில்லை. திகதி சரியாக இருந்தும் அந்தப் பெட்டி வந்தால் உங்கள் முகவரியைத் தந்தவர்களிடம் கேளுங்கள்.

ஐமெப் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று இருக்காதீர்கள். கம்பியூட்டரில் இடம் இல்லை என்று கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு ஐயா தண்டர்பேர்டில் இருந்த பழைய மெயில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "போனில் இருக்கும்தானே" என்று இருந்தார். ஐமெப்பில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அவருடையது ஜிமெயில், குப்பைக்குள் 30 நாள் இருக்கும் என்பதால் எடுத்துக் கொடுக்க முடிந்தது. அதேபோல இடது பக்கம் கீழே "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்று ஒன்று நிற்கும். ஒழுங்காக அடுக்கி வைக்கிறேன் என்று மெயில்களை அதற்குள் இழுத்துப் போட்டால் சேவரிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கடையில் பலர் பாவிக்கிற கம்பியூட்டரா? சேமித்த பாஸ்வேர்டை தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் மற்றவர்களும் திறந்து வாசிக்கக்கூடும். சேமித்த பாஸ்வேர்டுகளுக்கே பூட்டுப் போடுகிற பிரைமரி பாஸ்வேர்ட் ஒன்று போடுங்கள். அப்புறம், கொமினிகேஷன் கடையில் போய் ஈமெயில் திறந்து வாங்கியவர்கள் தயவுசெய்து இன்றைக்கே கணக்குக்குள் போய் பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்ப எடுக்க உதவும் மீட்பு போன் இலக்கம் யாருடையது என்று பாருங்கள். அந்தக் கடைக்காரரின் இலக்கமாக இருக்கும். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் இலக்கத்தை மாற்றிய பிறகு நீங்கள் பாஸ்வேர்டை மறந்தால் கணக்கைத் திரும்ப எடுப்பது மிகவும் கஷ்டம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்குப் போடுங்கள்" என்று மெயில் வந்தால் பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம், பெயரின் மேல் மவுஸை வைத்து முழு முகவரியைப் பாருங்கள், பிறகு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். மெயிலில் போட்டிருக்கிற இலக்கத்துக்கு இல்லை.

போர்மட் அடிக்கிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. தண்டர்பேர்டின் மெயில் டொக்யுமென்ட்ஸுக்குள் இல்லை, ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள், ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட் என்று இருக்கும். மென்பொருளை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாக எடுத்து வைத்தால் மெயில், முகவரிகள், அமைப்பு எல்லாம் வரும். அவுட்லுக் என்றால் பிஎஸ்டி என்று முடிகிற கோப்பைக் கம்பியூட்டர் முழுவதும் தேடுங்கள். வாடிக்கையாளருக்கு இது தெரியாது, அவர் "படம் எல்லாம் எடுத்தீங்களா" என்று மட்டும்தான் கேட்பார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? கம்பியூட்டரை உடனே நிறுத்துங்கள், புதிதாக ஒன்றும் போடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதன் மேலே வேறொன்றும் எழுதப்படாத வரைக்கும் கொஞ்சம் மீட்கலாம். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்) என்றால் பெரும்பாலும் கை விரிக்க வேண்டியதுதான். அக்காவுடையது எஸ்எஸ்டி. மெயில் அனுப்பிய முகவர்களிடமே கேட்டுத் திரும்ப அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள்.

பொப்3-இல் இருக்கிறவர்கள் மாறலாம், கஷ்டமில்லை. அதே முகவரியை ஐமெப்பாகப் புதிதாகச் சேர்த்து, பழைய கணக்கின் மெயில்களைத் தெரிவு செய்து புதியதற்குப் பிரதி எடுங்கள். சேவரில் இடம் போதுமா என்று முதலே பாருங்கள். எல்லாம் பிரவுசரிலும் தெரிகிறது என்று கண்ணால் கண்ட பிறகு மட்டும் பழையதை நீக்குங்கள்.