ஸ்கெப்டிக்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஒரு நூல் கைக்கு வருகிறது. உடலில்லாத ஓர் உயிர் சொல்லச் சொல்ல எழுதியது என்கிறது முன்னுரை. தெரிந்த மதம் எதிலும் அது அடங்கவில்லை. 'திறந்த மனதோடு படி, ஆனால் ஸ்கெப்டிக்காக இரு' என்பார்கள். கதவைத் திற, கூடவே சாத்து என்பதுபோல இருக்கும். ஸ்கெப்டிக் என்றால் நம்பாதவர் என்று நாம் எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ஸ்கெப்டிகோஸ்' என்றால் உற்றுப் பார்ப்பவர், ஆராய்பவர். கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த கிரேக்கத் தத்துவ அறிஞர் செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ், உண்மையைத் தேடப் புறப்பட்டவர்களை மூன்றாகப் பிரித்தார்: கண்டுவிட்டேன் என்பவர், காணவே முடியாது என்பவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர். மூன்றாமவரே ஸ்கெப்டிக். முதல் பக்கத்திலேயே 'புரட்டு' என்று மூடிவைப்பவருக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

சரி, தமிழில்? 'அவநம்பிக்கைவாதி' தவறு. 'சந்தேகம்' என்பதில் குற்றம் சாட்டும் தொனி ஏறிவிட்டது. 'ஐயம்' எவ்வளவோ மேல். தொல்காப்பியக் களவியலில் தலைவன் முதன்முதலாகத் தலைவியைக் காண்கிறான். தெய்வப் பெண்ணோ, மானிடப் பெண்ணோ என்று ஐயம். அதைக் 'களையும் கருவி' என்று ஒரு பட்டியலே அங்கே இருக்கிறது: மொய்க்கும் வண்டு, அணிந்த இழை, சூடிய பூ, கண்ணின் இமைப்பு, அச்சம். தெய்வத்தின் கண் இமைக்காது. இவள் கண் இமைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஐயம் வந்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, இன்னும் கூர்ந்து பார்க்கிறான்.

அந்த நூலையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்பேன். 'மூச்சைக் கவனி, மனம் அடங்கும்' என்ற வரி வந்தால் பத்து நாள் செய்து பார்க்கலாம். இன்ன காலத்தில் இன்ன நகரம் கடலில் மூழ்கியது என்றால் அகழாய்வைப் புரட்டலாம். 'எல்லா உயிரும் ஒன்றே' என்பதற்கு எந்தச் சோதனையும் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போகலாம். ஒரு வரி சரியாக இருந்தது என்பதற்காக அடுத்த வரிக்கும் தலையாட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அகராதிகளில் 'ஐயவாதி', 'ஐயுறவாளர்' என்றெல்லாம் இருக்கின்றன. 'வாதி' என்றதும் ஒரு கட்சி சேர்ந்துவிடுகிறது; 'ஐயுறவாளர்' பரவாயில்லை. ஆனால் கிரேக்கச் சொல்லின் உயிரைப் பிடிப்பது 'தேர்தல்' என்ற வினைதான். 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்ற குறளில் (510) அது ஆராய்தல் என்ற பொருளில் வருகிறது. ஆராயாமல் நம்புவது, ஆராய்ந்து தெளிந்த பிறகும் ஐயப்படுவது, இரண்டுமே துன்பம் என்கிறது குறள். இன்று 'தேர்தல்' என்றால் வாக்குச்சாவடியும் 'தேர்வு' என்றால் பரீட்சையும்தான் நினைவுக்கு வரும். அதனால் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, 'தேர்ந்து படிப்பவர்' என்று எழுதலாம்.